பொதுவா எழுதுங்க

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நாற்பது நாள் பேச்சுமூச்சு இல்லாமல் இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போகும் படகு கரையை விட்டுச் சில மணி நேரம் ஓடினாலே கைபேசிக்குச் சிக்னல் போய்விடும். அப்புறம் முப்பது நாளோ நாற்பது நாளோ கழித்து, ஏதாவது ஒரு துறைமுகத்தை நெருங்கும்போதுதான் வீட்டுக்குப் போன் வரும். அது தேங்காய்ப்பட்டணமாக இருக்கலாம், கொச்சியாக இருக்கலாம், மங்களூரு, ரத்னகிரி, குஜராத்தின் வெராவலாகக்கூட இருக்கலாம். நடுவில் ஆள் எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, காய்ச்சல் கீய்ச்சல் உண்டா, ஒன்றும் தெரியாது. அதற்காக யாரும் உட்கார்ந்து புலம்புவதும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள், குழுக் கடனுக்குத் தவணை கட்டுவார்கள், சாயங்காலம் கோயில் மணி அடித்தால் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு செபமாலைக்குப் போவார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்தப் பழக்கமே எங்களை ஏமாற்றியது. எந்த நாளிலிருந்து பயப்பட ஆரம்பிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று இரயுமன்துறை வரை எட்டு ஊர்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய், நடுவில் ஒரு துண்டு மணல். எங்கள் ஊர் அந்த எட்டில் ஒன்று. எது என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் யார் வீட்டுக் கதை என்று அடுத்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா ஆசிரியர் வேலை கிடைத்து நாகர்கோவிலுக்கு வந்ததால் நான் கரையை விட்டு விலகி வளர்ந்தவள். உறவெல்லாம் அங்கேதான்.

இந்த ஊர்க்காரர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடுகிறவர்கள். லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கம், அதையும் தாண்டி அரபிக்கடலின் நடுவரைக்கும் போவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு படகில். டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் என்று முதலில் செலவு. திரும்பி வந்து மீனை விற்று, செலவு போக மிச்சம் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு. கொச்சியை வைத்துத் தொழில் செய்வதால் பல படகுகளுக்குக் கேரளப் பதிவு எண் இருக்கும். ஊர் தமிழ்நாட்டில், மறைமாவட்டம் திருவனந்தபுரத்தில். சாதாரண நாட்களில் இதெல்லாம் சுவாரசியமான விஷயம். ஆள் காணாமல் போன நாளில், எந்த அரசின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்று தேடி இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருந்தது.

புயலை வானிலை அறிவிப்பு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அப்போது பெரிய சர்ச்சை நடந்தது. நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ம் தேதி காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அத்தனை வேகம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் போய்ப் பத்து நாள், இருபது நாள் ஆகியிருந்தது. அவர்களிடம் இருந்த வயர்லெஸ் பக்கத்துப் படகுகளோடு பேசத்தான் உதவும், கரைக்கு எட்டாது. கரையில் எச்சரிக்கைக் கொடி ஏற்றினால் நடுக்கடலில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இந்தச் சாதாரணக் கேள்வி அதற்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் அவசரமில்லை என்று விட்டுவிட்டார்களா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

நவம்பர் 30, வியாழக்கிழமை. நாகர்கோவிலில் நாங்கள் பார்த்தது காற்றை மட்டும்தான். ரப்பர் மரங்கள் ஒடிந்தன, வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன, மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. மாவட்டம் முழுக்க எல்லோரும் தங்கள் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் திருச்சபை நாட்காட்டியில் புனித அந்திரேயா திருநாள். பேதுருவின் சகோதரர், கலிலேயாக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்தவர். மீனவரான ஓர் அப்போஸ்தலரின் திருநாளில் இப்படி நடந்ததே என்று பின்னால் யாரோ சொன்னபோது, எங்கள் பெரியம்மா, ‘அவருக்கும் அண்ணைக்குக் கடலுக்குப் போவ முடிஞ்சிருக்காது மக்கா’ என்றார். கிண்டலா விசுவாசமா என்று எனக்குப் புரியவில்லை.

அதே வாரம் நாகர்கோவில் கோட்டாறில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிழா. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 3-ல் முடியும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. 2017-ல் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. சவேரியாருக்கும் எங்கள் கரைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1544-ன் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு, அதாவது எங்கள் கரை மீனவர்களுக்கு, ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவர் எப்படி இறந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. சீனாவுக்குள் போக வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. சீனக் கரை பக்கத்திலேயே இருக்கிறது. சான்சியன் என்ற தீவில் உட்கார்ந்திருக்கிறார். ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று வணிகர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். படகு வரவே இல்லை. காய்ச்சலில் விழுந்து 1552 டிசம்பர் 3-ம் தேதி, 46 வயதில் இறந்துபோனார்.

வராத ஒரு படகுக்காகக் காத்துக்கொண்டே செத்த மனிதரின் திருநாளில், எட்டு ஊர்ப் பெண்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். என் சித்தப்பா மகன் அப்போது கடலில் இருந்தார். அவருடைய மனைவியை இந்தக் கட்டுரையில் மைனி (அண்ணி) என்றே சொல்கிறேன்.

அந்த நாட்களில் செய்திகள் எப்படி வந்தன என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். லட்சத்தீவில் படகுகள் ஒதுங்கியிருக்கின்றன என்று முதல் செய்தி. மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் பக்கம் அறுபதுக்கும் மேற்பட்ட படகுகள் கரை சேர்ந்தன என்று அடுத்தது. குஜராத்திலும் சிலர் இருக்கிறார்களாம். ஒவ்வொரு செய்திக்கும் ஊரில் ஒரு வீட்டில் சிரிப்பும் பக்கத்து வீட்டில் அழுகையும். திரும்பி வந்தவர் வாசலில் நிற்கும்போது ஊரே கூடிவிடும். சந்தோஷப்படுவதற்காக மட்டும் அல்ல, ‘எங்க ஆள எங்கியாவது பாத்தியா?’ என்று கேட்பதற்காக. அவர்களும் பாவம், பார்க்கவில்லை என்று சொல்ல மனமில்லாமல், தூரத்தில் ஒரு படகு தெரிந்தது, நிறம் சரியாகத் தெரியவில்லை என்பார்கள். அந்த நிறம் தெரியாத படகை நம்பிப் பல வீடுகளில் பல நாள் அடுப்பு எரிந்தது.

அந்த நாட்களில் எல்லாப் பூசையிலும் புயலை அடக்கிய கதைதான் வாசகம் போல எனக்குத் தோன்றும். இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், அலை படகுக்குள் விழுகிறது, சீடர்கள் பயந்து எழுப்புகிறார்கள், அவர் எழுந்து காற்றைக் கடிந்துகொள்கிறார். நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வரும்போது மைனி சொன்னார்: ‘அந்தப் படகுல அவரு கூடயே இருந்தாரு. தட்டி எழுப்ப முடிஞ்சுது.’ அவ்வளவுதான் சொன்னார். நான் என்னவோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சீடர்கள் பணிவாக எழுப்பவில்லை என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். நாங்கள் சாகப் போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா என்று கத்துகிறார்கள். நான்கு நற்செய்திகளில் மாற்கு மட்டும்தான் இதை இவ்வளவு முரட்டுத்தனமாக எழுதுகிறார். பக்தி என்றால் கைகட்டி நிற்பது என்று பழகிய நமக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியும். எனக்கு அது மிகச் சரியான செபமாகத் தெரிகிறது. உன்னால் முடியும் என்று நம்புகிறவன்தான் உன்னிடம் சண்டை போடுவான்.

டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் நடந்ததை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாக வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்கள், கைக்குழந்தையோடு பெண்கள், குருக்கள், அருட்சகோதரிகள். வெயில் ஏறி இறங்கி இருட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ரயில்கள் நின்றுபோயின. கோரிக்கை ரொம்ப எளிமையானது: தேடுங்கள், ஆழத்துக்குப் போய்த் தேடுங்கள், எங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதலமைச்சர் நேரில் வருவார் என்ற உறுதி கிடைத்த பிறகு, ராத்திரி வெகு நேரம் கழித்துக் கலைந்தார்கள். நாகர்கோவிலில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், ‘ரயில மறிச்சா கடல்ல போனவன் வந்துருவானா?’ என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, ரயிலைத் தவறவிட்ட எரிச்சலில் இருந்தார். ஆனால் பதில் தெரியும். வர மாட்டான். தூங்குகிறவனை எழுப்பாமலே விட்டோம் என்ற நினைப்போடு மிச்ச வாழ்க்கையை ஓட்ட முடியாது, அதற்காகத்தான் மறித்தார்கள்.

அரசு ஒரு பக்கம் தேட, ஊர்க்காரர்களும் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். புயலில் ஆளைப் பறிகொடுத்த அதே கடலில், ஒரு வாரம் ஆவதற்குள். ‘கடல்காரனுக்குப் பயமே கிடையாது’ என்று உள்நாட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பயமில்லாதவனுக்குப் பாதுகாப்பு எதற்கு என்ற முடிவுக்கு அது சுலபமாகக் கொண்டுபோய்விடுகிறது. வீரன் என்று பட்டம் கொடுத்துவிட்டால் லைஃப் ஜாக்கெட் கொடுக்க வேண்டாம், பாருங்கள்.

தப்பி வந்தவர்களில் ஒருவர் எங்களுக்குத் தூரத்து உறவு. படகு கவிழ்ந்து, காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தவர். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை தளர்ந்து போனதைப் பார்த்தவர். உப்புத் தண்ணீரில் ஊறி உரிந்த தோல் ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆயிற்று. கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் கடலுக்குப் போனார், வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எந்தப் படகில் ஏறினாலும் முதல் வேலையாகத் தான் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வார். அவிழ்க்க எளிதாக, ஆனால் ஆட்டத்தில் தானாக அவிழாத முடிச்சு. அந்த முடிச்சை எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினார், விரல் போன வேகத்தில் எனக்குப் புரியவில்லை. தூக்கத்தில் கை நீட்டித் தொட்டுப் பார்ப்பாராம். படகில் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. தைரியம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் கேன்தான் ஞாபகம் வரும்.

ஒன்று இங்கே சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் செத்தவர்கள் கரையில் இருந்தவர்கள். அந்த நேரம் ஆழத்தில் இருந்த படகுகளுக்கு அலை வந்து போனதே தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வீடில்லை, வீட்டில் இருந்தவர்கள் இல்லை. ‘கடல்ல நின்னிருந்தா பிழைச்சிருப்பா’ என்று ஒரு தலைமுறையே சொல்லிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து ஒக்கி அதைத் தலைகீழாக்கியது. பெரியம்மா இரண்டையும் பார்த்தவர். கடலை நம்பலாமா, கரையை நம்பலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்லாமல் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை ஊரில் பரவியது. எப்படி வந்தது, யார் சொன்னது, தெரியாது. அந்த வருஷம் ஊரில் நட்சத்திரம் தொங்கவிடலாமா வேண்டாமா என்பதே பெரிய பேச்சு. மைனி தொங்கவிட்டார். ஆள் வந்து பார்த்தால் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்றார். கிறிஸ்துமஸ் போனது. மாலத்தீவில் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஓமானில் மருத்துவமனையில் பேசமுடியாமல் கிடக்கிறார்கள் என்று வேறு வேறு வதந்திகள் வந்து, ஒவ்வொன்றாக வற்றின. குமரி மாவட்டத்தில் மட்டும் திரும்பாதவர்கள் நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவர்களின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத சாவுக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது அது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு; 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 111-வது பிரிவு. ஒருவரைப் பற்றி இயல்பாகவே கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முதல்முறை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஏழு வருஷம் வரைக்கும் ‘செத்துவிட்டார்’ என்று சொல்கிறவன் நிரூபிக்க வேண்டும். எட்டாவது வருஷம் பிறந்த அன்றைக்கு அந்தச் சுமை, ‘இருக்கிறார்’ என்று சொல்லும் பெண்ணின் தலைக்கு வந்துவிடுகிறது.

ஒக்கிக்கு அரசு அந்த ஏழு வருஷத்தைக் காத்திருக்கச் சொல்லவில்லை. விசாரித்து, காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று முடிவானது. அதை நல்ல முடிவு என்றே சொல்வேன், கடன்காரர்கள் ஏழு வருஷம் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் பணம் வாங்க வேண்டுமென்றால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் கணவர் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று மைனி வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாமல் இல்லை, பத்தாவது வரை படித்தவர். ‘எங்க போடணும்?’ என்று மட்டும் கேட்டார். பணம் வந்தபோது உறவுக்குள் நடந்த சில பேச்சுகளை நான் எழுதப் போவதில்லை. எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் கோயிலில் பூசைக் கருத்து எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. வெள்ளை நோட்டு, பேனாவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காணிக்கை கொடுத்து யாருக்காகப் பூசை என்று சொன்னால் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் எழுதிக்கொள்வார். மறுநாள் பூசைக்கு முன் அதை வாசிப்பார்கள். நன்றி, சுகம், தேர்வு, வெளிநாட்டு விசா, இதெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. செத்தவர்களுக்கு என்றால் ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று எழுதுவார்கள். இரண்டில் ஒன்று. ஒக்கிக்குப் பிறகு வந்த அவருடைய பிறந்தநாளுக்கு மைனி பூசைக்குக் காசு கொடுத்தார். நானும் கூட நின்றேன். உபதேசியார் பெயரை எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: ‘எந்தக் கருத்துக்கு, தாயி?’

மைனி கொஞ்சமும் யோசிக்கவில்லை. ‘பொதுவா எழுதுங்க’ என்றார்.

உபதேசியார் அப்படியே எழுதினார். பெயர், அதற்கு எதிரே ‘பொதுக் கருத்து’. முன் பக்கத்தைப் புரட்டியபோது பார்த்தேன், அந்தப் பக்கத்திலும் அதற்கு முந்தைய பக்கத்திலும் அதே மாதிரி வரிகள் இருந்தன. எல்லாம் பெண்கள் கொடுத்த பூசைகள், எல்லாம் ஆண்கள் பெயர்கள். இறையியல் படித்தவர்கள் அப்படி ஒரு வகை இல்லை என்று சொல்லலாம். ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை, வாசிக்கும்போது குரலில் எந்த மாற்றமும் காட்டாமல் வாசித்தார். அந்த நோட்டில் அந்த வரிக்கு இடம் கொடுத்த இரண்டு பேர் மீதும் எனக்கு இன்று வரை மரியாதை உண்டு.

விசுவாசம் பற்றிப் பெரிய பெரிய பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். சந்தேகமே படாதே என்பார்கள், விட்டுவிடு என்பார்கள், ஆண்டவர் சித்தம் என்பார்கள். மைனி எதையும் விடவில்லை, எதையும் முடிவு செய்யவும் இல்லை. ஏக்கம் ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் இழுக்க, இரண்டையும் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் கேட்டால், தெரியாது என்பதை அப்படியே பீடத்தின் முன் வைப்பதற்கு, தெரியும் என்று சொல்வதைவிட அதிக விசுவாசம் வேண்டும்.

நவம்பர் 2-ம் தேதிதான் கஷ்டமான நாள். கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றும். கல்லறையே இல்லாதவர்கள் எங்கே போவது? முதல் வருஷம் பல பெண்கள் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அப்புறம் சிலர் தங்கள் மாமனார், மாமியார் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்ற ஆரம்பித்தார்கள். மைனி அதைச் செய்யவில்லை. சிலுவை நிற்கும் குருசடிக்குப் போய் ஏற்றினார். கேட்டதற்கு, குருசடியில் எல்லாருக்கும் ஏற்றலாம் என்றார். கடல்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, பிளாஸ்டிக் கப்பின் அடியை வெட்டி மறைப்பு வைத்திருந்தார்.

2024 நவம்பரில் அந்த ஏழு வருஷமும் முடிந்தது. ஊரில் அதை யாரும் குறித்துவைத்ததாகத் தெரியவில்லை. நான் மட்டும் சட்டப் பிரிவை நினைத்துக்கொண்டு மைனியை அழைத்தேன், வேறு ஏதோ பேசுவது போல. அவர் வேறு சண்டையில் இருந்தார். மகன் டிப்ளமோ முடித்து வளைகுடா வேலைக்குக் காத்திருந்தான், விசா இழுத்தடித்தது. அதுவரைக்கும் உறவுக்காரர் ஒருவரின் படகில் போய் வருகிறேன் என்று நிற்கிறான். மைனி போகக் கூடாது என்கிறார். நானும் பேசிப் பார்த்தேன், அவன் சொன்னான்: ‘அப்பா போன இடத்த ஒருக்கா பாக்கணும் அத்தே.’ அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒருநாள் மைனியே இறங்கி வந்தார். ஆனால் சும்மா இறங்கவில்லை. படகுக்காரர் வீட்டுக்குப் போய், சாட்டிலைட் போன் இருக்கிறதா என்று கேட்டார். ஒக்கிக்குப் பிறகு அரசு மானியத்தில் அந்தப் போன் வந்தது, நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகளும் வந்தன. இன்றைக்குப் பல படகுகளில் இருக்கின்றன. ‘உண்டு மைனி, எல்லாம் உண்டு’ என்றார் அவர். ‘உண்டுன்னா போதாது, எடுத்துக் காட்டு.’ எடுத்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏறும் வரைக்கும் மைனி அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏறியதும் வெட்டவெளிக்கு வந்து தன் நம்பருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மணி அடித்தது. எடுக்காமல் வெட்டினார், காசு போகுமே.

அதோடு விட்டிருந்தால் படகுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். ‘இத யாருக்கெல்லாம் பேசத் தெரியும்?’ என்று கேட்டார் மைனி. படகை ஓட்டும் ஸ்ராங்குக்குத் தெரியும் என்றார் அவர். ‘ஸ்ராங்கு கடல்ல விழுந்தா?’ படகுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, புறப்படுகிற நேரத்தில் இப்படி வாய் வைக்கலாமா என்று. வைக்காமல் இருந்ததால் என்ன மிச்சமாயிற்று என்று மைனி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாள் தேங்காய்ப்பட்டணத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களை ஒவ்வொருவராக வரவழைத்து, போனை ஆன் பண்ணி, ஆன்டெனாவை இழுத்து, மைனியின் நம்பரை அடிக்க வைத்தார்கள். அந்தக் காலி கேன்காரரும் அதே படகில்தான் போகிறார். எனக்கு இதெல்லாம் வராது, எண் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது என்று அவர் நழுவப் பார்த்தார். ‘கண்ணாடி போட்டுட்டு வாரும்’ என்றார் மைனி.